மட்டிக்கு என்ன சந்தோஷம்?

மகிழ்ச்சியில் திளைப்பவரை அமெரிக்கர்கள் 'ஹேப்பி ஆஸ் எ கிளாம்' என்பார்கள். கிளாம் என்றால் மட்டி. சேற்றில் புதைந்து கிடக்கிற மட்டிக்கு அப்படி என்ன சந்தோஷம்? முன்பு இந்தத் தொடருக்கு ஒரு வால் இருந்தது: 'அட் ஹை வாட்டர்'. கடல் வற்றிக் கரை தெரியும்போதுதான் ஆட்கள் வாளியோடு வந்து மட்டியைத் தோண்டுவார்கள். தண்ணீர் ஏறிவிட்டால் அடுத்த வற்றம் வரை அதன் உயிருக்குப் பயமில்லை. பேச்சில் வால் தேய்ந்துபோய், மட்டி காரணமே இல்லாமல் மகிழ்ந்துகொண்டிருக்கிறது. ஒரு தொடர் விசித்திரமாகப் பட்டால், அகராதியை மூடுமுன் அறுந்த வால் ஏதாவது உண்டா என்று தேடுங்கள்.

எல்லாவற்றிலும் கதை கிடைக்காது. நோய் தீர்ந்து எழுந்தவரை 'ரைட் ஆஸ் ரெயின்' என்பதில் மழைக்கும் உடம்புக்கும் சம்பந்தம் தேடிக் குடைய வேண்டாம்; அங்கே சரக்கு மோனைதான். 'ஃபிட் ஆஸ் எ ஃபிடில்' அதற்குத் தங்கை. 17ஆம் நூற்றாண்டில் அதிலிருந்த 'ஃபிட்'டுக்குப் பொருத்தம் என்றுதான் பொருள். ஆரோக்கியம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், போதும்.

என் ஓட்டு 'இன் த பிங்க்' என்பதற்கு. நல்ல உடல்நலத்தோடு இருப்பதைச் சொல்வது. சிவந்த கன்னத்திலிருந்து வந்தது என்று தோன்றும்; அப்படியல்ல. பிங்க் முதலில் ஒரு பூ, கார்னேஷனின் உறவு. நிறத்துக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. பூ என்றால் எதிலும் உச்சம். ஷேக்ஸ்பியரின் மெர்குஷியோ தன்னை மரியாதையின் பிங்க் என்று சொல்லிக்கொள்வான். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கடிதங்களிலோ இது நம் 'நலம், நலமறிய அவா' போலச் சம்பிரதாய வரியாகிவிட்டது. போர்முனையில் இருந்த சீக்ஃப்ரீட் சசூன் 1916இல் இதையே தலைப்பாக்கி ஒரு கவிதை எழுதினார். இற்றுப்போன பூட்ஸோடு மறுநாள் அகழிக்கு நடக்க வேண்டிய சிப்பாய், காதலிக்குத் தான் பிங்காக இருப்பதாக எழுதுகிறான். அதைப் படித்தபின் இந்தத் தொடரைக் கேட்கும்போதெல்லாம், சொல்பவர் உண்மையிலேயே நலம்தானா என்று முகத்தைப் பார்க்கத் தோன்றும்.

தொனியையும் கவனியுங்கள். காலையில் துறுதுறுவென்று வந்து நிற்பவரை 'பிரைட் ஐட் அண்ட் புஷி டெயில்ட்' என்பார்கள். பளிச்சென்ற கண், புசுபுசு வால்: அணிலேதான். பாராட்டுத்தான். ஆனால் இன்னும் காபி குடிக்காத ஒருவர் வாயிலிருந்து வந்தால், பாதி நக்கல்.