சிறுவாச்சூர்க் கதைக்கு வயது என்ன?

நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரத்துக்கு ஏறத்தாழ 12 கோடி வயது என்கிறார்கள். பாறை அடுக்கு அதற்குச் சாட்சி. அதே பெரம்பலூர் வட்டாரத்துச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கதைக்கு வயது கேட்டால்தான் பண்டிதர்களுக்குள் வழக்கு வரும்.

கதை இதுதான். ஊரில் குடியிருந்த செல்லியம்மனை ஒரு மந்திரவாதி அடக்கி ஆட்டிவைக்கிறான். மதுரையிலிருந்து வந்த காளி ஓர் இரவு தங்க இடம் கேட்கிறாள். விஷயம் தெரிந்ததும் மந்திரவாதியை முடித்துவிடுகிறாள். செல்லி இடத்தை அவளுக்கே விட்டுவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போகிறாள். முதல் மரியாதை மட்டும் தனக்கு வேண்டும் என்கிறாள். வந்தவள் மதுரையை எரித்த கண்ணகியே என்பாரும் உண்டு. கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும் திறப்பதற்கும் இந்தக் கதையைத்தான் காரணம் காட்டுவார்கள்.

1812இல் கதைத்தொகுப்பு வெளியிட்ட கிரிம் சகோதரர்கள் வழியில் போனால், இது பழைய சமயத்தின் உதிரி. 1859இல் பஞ்சதந்திரத்தை ஆராய்ந்த அறிஞர் பென்ஃபி, கதைகள் பலவும் இந்தியாவிலிருந்தே மேற்கே போயின என்றார். நமக்குக் கேட்க இனிக்கும். ஆனால் எல்லாக் கதைக்கும் அது பொருந்தாது. 1910இல் கதை ஆய்வாளர் ஆர்னே கதைகளுக்கு வகை எண் கொடுத்தார். பட்டியல் பயன்படும், வயது சொல்லாது. 1928இல் இன்னோர் ஆய்வாளர் பிராப், கதையில் வரும் ஆளின் பெயரைத் தள்ளிச் செயலை மட்டும் பாருங்கள் என்றார். அப்படிப் பார்த்தால் சிறுவாச்சூரில் மிஞ்சுவது எதிரி, துணைக்கு வந்தவர், போர், பரிசு. கண்ணகி பெயர் பின்னால் வந்து ஒட்டியிருக்கலாம்; கதையின் எலும்புக்கூடு அதற்கு மூத்தது என்பது என் கட்சி.

2016இல் ஆய்வாளர்கள் சில்வா, தெஹ்ரானி இருவரும் மொழிக்குடும்ப மரத்தை வைத்துக் கணக்கிட்டு, பேயை ஏமாற்றிய கொல்லன் கதை வெண்கலக் காலத்தது என்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தோ-ஐரோப்பிய மொழிகளை. தமிழ் அதில் இல்லை. நம் கதைகளுக்கு அந்த அளவுகோலை அப்படியே நீட்டக் கூடாது. கதையைச் சொல்லும் சமூகத்தோடு சேர்த்துப் படிக்கச் சொன்ன நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் நா. வானமாமலையின் வழி நமக்கு நெருக்கமானது. 1969இல் அவர் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் அதற்குக் களமாக இருந்தது.

அந்த வழியில், அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக் கோயில் கதையைப் பாருங்கள். காணாமற்போன பசு, விழுந்துகிடந்த கல்தூணில் பால் சொரிந்து நிற்கிறது. அந்தத் தூண்தான் கலியுக வரதராஜப் பெருமாள். திருப்பதியிலும் பசு பால் சொரிகிறது, ஆனால் புற்றில். கரு ஒன்று, இங்கே அது மாடு வளர்ப்பவர் வாயில் வாழ்கிறது. அதனால்தான் விளைந்த தானியமும் கன்றும் காணிக்கையாக வருகின்றன.

சொன்னவர் யார், எந்த ஊர், எப்போது என்ற குறிப்பில்லாத கதை ஆய்வுக்கு உதவாது. தலபுராணமாக மெருகேற்றியதைவிடக் களத்துமேட்டில் சொன்னது மேல். இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையைத் திருத்தாமல் எழுதிவையுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.