கரிகாலன் காடும் பிசிராந்தையார் சொல்லும்

“காட்டையும் விலங்கையும் காக்க வேண்டித் தெருவில் அணிவகுத்துச் செல்வது மேனாட்டார் வழக்கம், நமக்கு அது வேண்டா. இயற்கையைப் பேணுதல் தமிழர்க்குப் பிறப்பொடு வந்த பண்பு” என்று நம் மேடைகளில் சிலர் பேசுவர். சான்றாக நற்றிணையின் 172-ஆம் பாட்டை எடுத்துக் காட்டுவர். இக்கூற்றின் இரு பகுதிகளும் ஆராயத்தக்கன.

விளையாட்டாக மணலில் அழுத்திய விதை புன்னையாய் முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி அதனை வளர்க்கின்றனர். தாயோ, அம்மரம் உங்கள் உடன்பிறப்பு என்கிறாள். அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணுகிறோம் என்று தோழி கூறுகிறாள். இதனை இயற்கை வருணனை என்று எழுதி முடித்துவிடுவது பிழை. மரத்தின்மேல் கொண்ட அன்பு இங்கே ஒழுக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதே பாட்டின் உயிர்.

ஆயினும், இவ்வொரு பாட்டைக் கொண்டு பண்டைத் தமிழர் அனைவரும் காடு காத்தவர் என முடிவு கட்டலாமோ? பட்டினப்பாலை, காட்டை அழித்து நாடு செய்த செயலைக் கரிகாலனின் பெருமையாகவே பாடுகிறது. காடு மிகுந்து வயல் குறைந்திருந்த காலத்தில் அது புகழாயிற்று. இம்மலேசிய மண்ணிலும் நம் முன்னோர் காடு வெட்டிய இடங்களில் ரப்பர் நட்டனர்; அவ்வுழைப்பை நாம் போற்றுகிறோம். ஆகவே, காடு காத்தல் நம் குருதியிலேயே உள்ளது என்று மகிழ்ந்து வாளா இருத்தல், இலக்கியத்தையும் வரலாற்றையும் ஒருங்கே மறப்பதாகும்.

அங்ஙனமாயின் மரபு நமக்குத் தருவது யாது? ஆள்வோரிடம் அஞ்சாது சொல்லும் வழக்கத்தைத் தருகிறது. புறநானூறு 184-இல் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பியிடம் வரியைப் பற்றிப் பேசுகிறார். விளைந்ததை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே புகுந்தால் அதன் வாய் உண்பதினும் கால் அழிப்பது மிகுதி என்கிறார். வசையில்லை, வாளில்லை, கணக்கே பேசுகிறது. இதற்குச் செவியறிவுறூஉ எனத் துறைப் பெயரும் உண்டு.

இத்துறையை நம் அண்மையிலேயே காணலாம். கோல லங்காட் வட வனக் காப்பகம் ஒரு சதுப்புக்காடு. சூரியக் கரடிக்கு உறைவிடம்; தெமுவான் பழங்குடியினரின் வாழ்வோடு இணைந்தது; அதன் மண்ணுள் பெருமளவு கரி அடங்கியுள்ளது. வடித்து உலர்த்தினால் அக்கரி வளியாகி வானேறும். இக்காட்டின் பெரும்பகுதியைக் காப்பிலிருந்து விலக்கச் சிலாங்கூர் அரசு 2020-இல் அறிவிப்பு விடுத்தது. பல்லாயிரவர் மறுப்புத் தெரிவித்தனர். எனினும் 2021-இல் 536.7 ஹெக்டர் விலக்கப்பட்டது தெரியவந்தது. குரல்கள் மீண்டும் எழுந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் அரசு அம்முடிவை மீட்டுக்கொண்டது. பண்பைப் பாராட்டிக்கொண்டு வீட்டிலிருந்தோரால் அது நிகழவில்லை, சொன்னவர்களால் நிகழ்ந்தது.

தெருவில் நடத்தலும் இத்தகைய சொல்லே. 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் ஊர்வலத்தைத் தடுத்திருந்தது. 2019-இல் நாடாளுமன்றம் அத்தடையை நீக்கத் திருத்தம் இயற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று, தட்பவெப்ப மாற்றத்தின் பொருட்டுக் கோலாலம்பூரில் இளைஞர்கள் அணிவகுத்தனர். புலவர் ஒருவராய் நின்று சொன்னதை இவர்கள் பலராய் நின்று சொன்னார்கள், வேறுபாடு அவ்வளவே. ஆனால் அளவுகோல் ஒன்றே. யானையின் வாயையும் காலையும் அளந்து சொன்ன தெளிவு பதாகையிலும் வேண்டும். வெறும் ஆரவாரம் செவியறிவுறூஉ ஆகாது.

பெட்டாலிங் ஜெயாவின் காசிங் குன்றில் காலையில் உலவும் ஆசிரியர்கள் பலர் இருப்பர். அக்குன்றின் நிழலை நுகர்ந்து வந்து வகுப்பில் புன்னைப் பாட்டைக் கற்பிப்போர், 184-ஆம் பாட்டையும் அதனருகில் வைத்துக் கற்பிப்பாராக. முன்னது உறவைக் காட்டும். பின்னது அவ்வுறவுக்காக வாய் திறக்கக் காட்டும். ஒன்றை மட்டும் கற்ற மாணவன் மரத்தைப் பாடுவான். இரண்டையும் கற்றவன் அதனைக் காப்பான்.