'அநாதி': ஒரு சொல்லும் அதன் போதாமையும்

தமிழ்த் திருமறை மொழிபெயர்ப்பு வரலாற்றில் இறைவனைக் குறிக்கும் பெயரைப் பற்றி எழுந்த வாதங்கள் பல. ஃபப்ரீஷியுஸ் 'பராபரன்' என்றார். 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் 'தேவன்' என்பதை நிலைபெறச் செய்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்பதை ஏற்றது. இச்சொற்களின் இந்து சமயப் பின்னணியைப் பிரோர் திலியாண்டர் 1974இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். எழுவாயைப் பற்றி இத்துணைக் கவலை கொண்ட நாம், பயனிலையைப் பற்றி அத்துணைக் கவலை கொண்டோமில்லை. கடவுளைப் படைத்தவர் யார், அவர் எப்பொழுது தோன்றினார் என்று கேட்போர்க்கு, 'அவர் அநாதி' என்று ஒரே சொல்லில் விடை கூறி அமைகின்றோம். அவ்விடை மெய்யானது, ஆனால் போதாதது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

கேள்வி எழும் இடம்

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையை எண்ணிப் பார்ப்போம். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் 'மலையாளி' எனப்படும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள். இம்மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலைகளில் குடியேறினர் என்பது அவர்தம் வாய்மொழி மரபு. இத்தகைய மரபில் வளர்ந்தவர்க்கு ஒன்றை அறிதல் என்பது அது வந்த வழியை அறிதலே. எனவே, 'உங்கள் சாமி எங்கிருந்து வந்தது? அதற்குத் தாய் தகப்பன் யார்?' என்று அம்மலையின் முதியவர் ஒருவர் கேட்பாராயின், அது ஏளனமன்று. முறையான இறையியல் வினாவே.

அவருக்கு 'அநாதி' என விடை கூறுவோமாயின் என்ன நிகழும்? பேச்சு வழக்கில் அச்சொல் 'அநாதை' என்பதோடு மயங்கும். 'அநாதிப் பிணம்' என்று கூறக் கேட்டிருக்கிறோமன்றோ? உற்றார் உறவினர் அற்ற தெய்வம் போலும் என்று அவர் இரங்குவாரேயன்றி, வணங்க முன்வரார்.

மூன்று அநாதிகள்

கற்றோரிடத்திலோ இடர்ப்பாடு வேறு வகையானது. மெய்கண்டார் காலமாகிய 13ஆம் நூற்றாண்டு முதல் முறைப்படுத்தப்பட்ட சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் ஆகிய மூன்றும் அநாதி. இறைவன் உயிர்களை இல்லாமையினின்று உண்டாக்கவில்லை. உலகிற்கு முதற்காரணமாகிய மாயையையும் அவன் உண்டாக்கவில்லை. குயவனுக்கு மண் இருத்தல் போல இறைவனுக்கு மாயை உளது. செம்பிற் களிம்பு போல ஆணவ மலம் உயிரைத் தொன்றுதொட்டே பற்றியுள்ளது. ஆதலின் 'கடவுள் அநாதி' என நாம் முழங்கும்போது, சித்தாந்தம் பயின்றவர் தலையசைத்து ஏற்றுக்கொள்வார். நாம் சொன்னது அவர்க்குப் புதிதன்று. நாம் சொல்ல வேண்டியதையோ இன்னும் சொல்லவில்லை.

கிறிஸ்தவ அறிக்கை, இறைவனுக்குத் துவக்கமில்லை என்பதோடு நிற்பதன்று. அவரன்றி வேறெதுவும் துவக்கமற்றதன்று என்பதையும் அது உடன் கூறுகிறது. 2ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவின் தெயோபிலுவும் இரேனியுவும், இறைவன் முன்னிருந்த பொருளைக் கொண்டு உலகை வனைந்தார் என்னும் கிரேக்கக் கருத்தை மறுத்து, இன்மையினின்று படைத்தார் எனப் போதித்தது இதனாலேயே. குயவன் உவமை எரேமியாவிலும் உண்டு. ஆனால் திருமறையின் குயவனுக்கு அவன் படைக்காத களிமண் இல்லை.

'சுயம்பு' என்னும் மாற்று

இக்குறையை நீக்கச் சிலர் 'சுயம்பு' என்பர். இது மேலும் பிழைபடுவது. தானே தோன்றியது என்பது அதன் பொருள். கோயில்களிற் சுயம்பு லிங்கம் எனப்படுவது சிற்பி செய்யாமல் தானே வெளிப்பட்டதாகும். ஆனால் இறைவன் பிறரால் தோன்றாதது போலவே தம்மாலும் தோன்றியவரல்லர். தம்மைத் தாமே உண்டாக்க வேண்டுமாயின், தாம் உண்டாகுமுன் தாம் இருந்திருக்க வேண்டுமே! அவர் தோன்றவில்லை, இருக்கிறார்.

இவ்விடத்தில் உரோமன் கத்தோலிக்கரின் பழைய தமிழ் ஞானோபதேசம் நம்மினும் நுட்பமாய்ப் பேசியது. இறைவனின் இலக்கணங்களை ஆறாக எண்ணி, தம்மாலே தாமாயிருத்தலை முதலாவதாகவும், துவக்கமும் முடிவும் இன்மையை இரண்டாவதாகவும், எல்லாவற்றிற்கும் ஆதிகாரணமாயிருத்தலை ஆறாவதாகவும் வைத்தது. நாம் ஒன்றாய்க் குழைத்த மூன்று உண்மைகளை அது பிரித்தறிந்தது.

திருமறையின் மொழி

90ஆம் சங்கீதத்தின் 2ஆம் வசனத்தில் நம் திருப்புதல் 'அநாதி' என மொழிபெயர்த்தது 'ஓலாம்' என்னும் எபிரெயச் சொல்லை. கண்ணுக்கு எட்டாது மறைந்திருக்கும் நெடுங்காலத்தை அச்சொல் உணர்த்தும். இன்மையைக் கூறும் தத்துவச் சொல்லன்று அது. மேலும் அச்சங்கீதம் ஓர் இலக்கண வரையறையன்று, மன்றாட்டு. இறைவனைத் தலைமுறைகளின் உறைவிடமாக விளித்த பின்னரே, மலைகள் பிறக்குமுன் அவர் இருந்தமையை அது கூறுகின்றது. வத்தல்மலை மக்கள் கண்ட பொருள்களுள் மிகப் பழையது அம்மலையே. தருமபுரி வட்டாரத்துப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் எனப் புவியியலார் கணிப்பர். அந்த மலைக்கும் பிறந்த நாள் உண்டு என்பதும், மலைக்கு முன்னிருந்தவரிடம் அடைக்கலம் உண்டு என்பதும் அவர்கள் உடனே உணரத்தக்க நற்செய்தி. யாத்திராகமம் 3:14இலும், 'இருத்தல்' என்னும் வினையால் தம்மை உணர்த்துகிறவர், அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கியவரே. அவரது நித்தியம் தொலைவன்று, துணை.

பெத்லகேமில் பிறந்தவர் எங்ஙனம் துவக்கமற்றவராவார் என்னும் வினாவும் உடனெழும். குமாரன் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்ற ஆரியுவை 325இல் நிகேயா சங்கம் மறுத்து, பிதாவினிடத்துக் குமாரன் பிறத்தல் வேறு, படைக்கப்படுதல் வேறு எனத் தெளிவுறுத்தியது. பெத்லகேமில் துவங்கியது அவரது மனிதத் தன்மையே, அவரல்லர்.

எது ஆபத்திலுள்ளது?

இது சொற்போர் அன்று. பாசம் அநாதி எனின், மனிதன் கட்டுண்ணாதிருந்த காலமே இல்லை. சித்தாந்தமும் இறையருளால் மலத்தின் வலி அடங்கும் என்றே போதிக்கிறது. அதனை மறைத்துரைத்தல் நேர்மையன்று. ஆயினும், கட்டு அருளோடு ஒத்த தொன்மையுடையது என்பது ஒன்று. அருளே தொன்மையானது, கட்டு இடையில் வந்தது என்பது வேறொன்று. நம் விசுவாசம் பின்னதே. பாவத்திற்குத் துவக்கம் உண்டு. பாவத்தின் விளைவான சாதிக்கும் ஒடுக்குமுறைக்கும் துவக்கம் உண்டு. 'இது தொன்றுதொட்டு இருப்பது, மாறாது' என மலையடிவாரத்திலும் மலைமேலும் சொல்லப்படும் எந்த அநீதிக்கும் அநாதி என்னும் பட்டம் உரியதன்று. அப்பட்டம் ஒருவருக்கே உரியது.

எனினும் நம் பக்கத்து இடர்ப்பாட்டையும் ஒளிக்கலாகாது. எல்லாம் நல்லவராகிய ஒருவரிடமிருந்தே வந்ததெனின், தீமை எங்கிருந்து வந்தது? மலத்தை அநாதி எனக் கொண்ட சித்தாந்தி, தீமையின் பழியை இறைவன்மேல் ஏற்றாது காத்துக்கொண்டார். நமக்கு அவ்வழி இல்லை. தீமைக்குத் துவக்கம் உண்டு என அறிக்கையிடுகிறோம். அதன் மூலத்தை முற்றும் விளக்க இயலாது நின்று, சிலுவையைச் சுட்டுகிறோம். விளக்கம் குறைவே, ஆனால் தீமையை நித்தியமாக்குவதினும் அக்குறையோடு நிற்றல் மேல்.

ஆகவே இறைப்பணியாளரும் இறையியல் மாணவரும் 'அநாதி' என்பதைக் கைவிட வேண்டுவதில்லை. அதனைத் தனியே விடாதிருந்தாற் போதும். இறைவன் எங்கிருந்து வந்தார் என்று வினவும் மலைவாழ் முதியவர்க்கு இவ்வாறு கூறலாம்: 'ஐயா, அவர் எங்கிருந்தும் வரவில்லை; என்றும் இருக்கிறவர். நீங்களும் நானும் இந்த மலையும் அவரிடமிருந்து வந்தோம். நம்மைக் கட்டியிருப்பவை பின்னால் வந்தவை; ஆகையால் அவை போகவும் கூடும்.' அதற்குமேல் அவர் கேட்பாராயின், நம் இறையியல் கல்வி அங்கேதான் தொடங்கும்.