பெரிய மனிதர் பிறக்காத வீடு

பழைய வீடு ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், "அதில் யார் பிறந்தார்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். கேட்பதில் நியாயம் உண்டு. கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த சிறிய ஓட்டு வீட்டை, 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. மைசூரில் ஆர். கே. நாராயணின் வீட்டை 2011-ல் இடிக்கத் தொடங்கினார்கள். எதிர்ப்புக் கிளம்பவே நிறுத்தினார்கள். 2016-ல் அது காட்சியகமாயிற்று. பெயர் காப்பாற்றிற்று. ஆனால் எல்லாப் பெயருக்கும் அந்தச் சக்தி இல்லை. திருவல்லிக்கேணியில் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளோடு வாழ்ந்த 'தியாகராஜ விலாசம்' 2012-ல் இடிபட்டது.

அப்படியானால், பெரிய மனிதர் யாரும் பிறக்காத வீட்டின் கதி என்ன? சிற்றூர்களில் இருப்பவை பெரும்பாலும் அவைதாம்.

செங்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஊர் அது. அவருக்கு அங்கே சிலையும் உண்டு, மணிமண்டபமும் உண்டு. அவை அந்த ஒரு நாளை நினைவூட்டுகின்றன. மற்ற நாட்களில் ஊர் எப்படி வாழ்ந்தது என்று சொல்ல, தெருவில் எஞ்சி நிற்கும் பழைய வீடுகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

வீட்டையும் ஒரு நாவலைப் போலப் படிக்கலாம். ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கும் ஊர் இது. ஆனி, ஆடியில் மலைக்கு அப்பால் கொட்டும் மழை இங்கே சாரலாக வந்து விழும். தெருப்பக்கம் தாழ இறங்கும் ஓட்டுக்கூரை அந்தச் சாரலுக்குச் சொன்ன பதில். தெருவில் போகிறவன் ஒதுங்கத் திண்ணை, அதைத் தாண்டினால் தார்சா, பிறகு பட்டாசல், வெளிச்சமும் மழையும் இறங்க வானவெளி, நெல்லும் பித்தளைப் பாத்திரமும் அடைய அரங்கு. 1956 நவம்பர் 1 வரை மலையாளச் சீமையோடு சேர்ந்திருந்த ஊரில் இருந்துகொண்டு, திருநெல்வேலிச் சீமையின் பழக்கத்தையும் விடாத குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் இவை.

ஆனால் விமரிசனம் என்று வந்துவிட்டால் ஸ்தோத்திரம் மட்டும் போதாது. அதே வீட்டில் புகை போக வழியில்லாத அடுக்களை உண்டு. அங்கே ஆயுளைக் கழித்த பெண்கள் உண்டு. திண்ணையோடு நிறுத்தப்பட்டவர்கள், தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள், புறவாசல் வழியாக மட்டும் வந்து வேலை செய்துவிட்டுப் போனவர்கள் உண்டு. இவர்களை விட்டுவிட்டுத் தூணையும் நிலைக்கதவையும் மட்டும் புகழ்ந்தால், அது மர வியாபாரியின் மதிப்பீடாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில்தான் சங்கடமான விஷயம் வருகிறது. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டமும், 2005-ல் மத்தியச் சட்டமும் பூர்விகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு கொடுத்தன. பாகம் பிரிக்கும்போது வீட்டை விற்றாக வேண்டியிருக்கிறது. "தாத்தா வீடு அம்மா, பங்கு கேட்காதே" என்று தங்கையிடம் சொல்வது பண்பாட்டைக் காப்பதாகாது. அந்த அடுக்களையில் புகை தின்றவளின் மகள் அவள். வீட்டை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் அவள் பங்குக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டு வைத்துக்கொள்ளட்டும். அதற்கு வசதியில்லாவிட்டால் விற்கத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் விற்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். வீட்டை அளந்து, ஒரு வரைபடம் போட்டு வையுங்கள். ஒவ்வொரு கட்டையும் படம் எடுங்கள். குடும்பத்திலேயே மூத்த பெண்மணியை உட்கார வைத்து, எந்த இடத்துக்கு என்ன பெயர், அங்கே யார் படுத்தார்கள், யார் நுழையக்கூடாது என்றிருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செலவு அதிகமில்லை; இரண்டு நாள் போதும்.

கதை படிக்கிறவர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். வீடு போனால் அதன் சொற்களும் போய்விடும். "அவள் அரங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்" என்று ஒரு திருநெல்வேலிக் கதையில் வந்தால், இன்றைய இளம் வாசகர் நாடக மேடை என்றோ கூட்டம் நடக்கும் மண்டபம் என்றோ நினைத்துக்கொள்வார். நெல் வாசனை அடிக்கும் அந்த இருட்டு அறையும், அங்கே மட்டும் தனியாக அழ முடிந்த பெண்ணும் அவருக்குத் தெரியாமலே போய்விடுவார்கள்.