பிரெஞ்சு இலக்கியக் கல்வியும் தோல் தொழில் வட்டாரமும்: ‘ஜெர்மினல்’, ‘தோல்’ புதினங்களை முன்வைத்து

முன்னுரை

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்றில் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சு பயிலும் வாய்ப்பு உண்டு. அங்கு அது பெரிதும் மதிப்பெண்ணுக்குரிய தாளாகவே கருதப்படுகிறது. ஐரோப்பாவுக்குக் காலணி ஏற்றுமதி செய்யும் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் வணிகப் பயனும் அதனுடன் சேர்த்து எண்ணப்படுகிறது. சென்னை, புதுவைப் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் இவ்வட்டார மாணவருக்கு இவ்விரண்டிற்கும் அப்பால் அக்கல்வி தரக்கூடியது யாது என்பதை எமிலி ஸோலாவின் ‘ஜெர்மினல்’ (1885), டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) ஆகிய புதினங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு புதினங்கள்

‘ஜெர்மினல்’ வட பிரான்சின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பேசுகிறது. ஸோலா 1884இல் சுரங்கப் பகுதிக்கு நேரில் சென்று குறிப்பெடுத்த பின்னரே இதனை எழுதினார். 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘தோல்’, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் சங்கமாகத் திரண்டதைச் சித்திரிக்கிறது. களம் திண்டுக்கல் எனினும், அதன் சுண்ணாம்புக் குழிகள் வேலூர் வட்டாரத்தாருக்கு அந்நியமானவை அல்ல.

குருதியும் சாதியும்

இவற்றை ஒப்பிடுவோர் சுரண்டல், பசி, போராட்டம் என்னும் பொதுமைகளைப் பட்டியலிட்டு நின்றுவிடக்கூடும். வேறுபாடே ஆழமானது. நாயகன் எத்தியென் லாந்தியே குடிப்பழக்கமுடைய மூதாதையரின் வழிவந்தவன். மது உட்கொண்டால் கொலைவெறி எழும் என்னும் அச்சம் அவனைத் தொடர்கிறது. மரபுவழிக் குருதி மனிதனை இயக்குகிறது என்பது ஸோலாவின் இயற்பண்பியல் கொள்கை. முதலாளியத்தின் கொடுமையை அவர் காணாதவரல்லர். ஆயினும் அக்கொடுமையோடு குருதியையும் விதியாக்குகிறார். ‘தோல்’ புதினத்திலும் பிறப்பே வாழ்வை வரையறுக்கிறது. ஆனால் அங்குச் செயற்படுவது குருதியன்று, சாதி. சாதியும் முன்பணக் கடனும் தொழிலாளரைப் பிணைக்கின்றன. குருதியை மாற்றவியலாது, சமூகம் இட்ட கட்டை அறுக்கவியலும். எனவேதான் செல்வராஜிடம் சங்கம் அமைத்தல் கூலிக்கான போராட்டமாக மட்டுமன்றித் தன்மதிப்பை மீட்கும் செயலாகவும் அமைகிறது.

முடிவுரை

பிறப்பு எவ்வாறு விதியாக்கப்படுகிறது என்பதைத் தம் ஊரிலேயே கண்ட மாணவர், ஸோலாவின் மரபுவழிக் கொள்கையை வினவும் தகுதி பெற்றவர். அவர் பிரெஞ்சு இலக்கியத்தின் நுகர்வாளர் மட்டுமல்லர், திறனாய்வாளரும் ஆவார். ஆனால், மதிப்பெண்ணுக்காகத் தமிழைக் கைவிட்டவருக்கு இவ்வினாவை எழுப்ப ‘தோல்’ துணைவராது. ஆகவே, பிரெஞ்சு முதன்மைப் பாடத்திட்டத்தில் தமிழ்ப் புதினங்களையும் உட்படுத்திய ஒப்பிலக்கியத் தாள் ஒன்று விருப்பப்பாடமாக அல்லாமல் கட்டாயப் பாடமாகவே இடம்பெறுதல் வேண்டும்.