முழு கவர் போட்ட செயின்

ஸ்ப்ளெண்டரை ரசித்துப் பேசினால் சிரிக்கிறார்கள். புல்லட்டுக்கு ரசிகர் உண்டு, ஆர்.எக்ஸ். 100-க்குப் பக்தர்களே உண்டு, ஸ்ப்ளெண்டருக்கு இருப்பதெல்லாம் வாடிக்கையாளர்கள்தான் என்பது அவர்கள் கட்சி. இருக்கட்டும். எனக்கு அந்த வண்டியின் இடப்பக்கம் நின்று பார்க்கப் பிடிக்கும். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரைக்கும் ஒரு கண்ணிகூட வெளியே தெரியாமல் செயினை மூடிக்கொண்டு போகிறதே அந்தக் கறுப்புக் கவர், அதைப் பார்க்கத்தான். ஷோரூமில் யாரும் அதைக் காட்டி வண்டி விற்பதில்லை. வாங்குபவரும் குனிந்து பார்ப்பதில்லை.

அந்தக் கவருக்கு ஒரு வம்சம் உண்டு. 1958-இல் ஹோண்டா சூப்பர் கப்பைக் கொண்டுவந்தபோது சோய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி தகேயோ ஃபுஜிசாவாவும் மனத்தில் வைத்திருந்தது பந்தய வீரனை அல்ல. ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைத் தாங்கிக்கொண்டு மறு கையால் வண்டி ஓட்டும் கடைப் பையனை. அவன் கால்சட்டையில் கறை படக் கூடாது என்றால் செயின் மூடியிருக்க வேண்டும். சூப்பர் கப்பின் படுத்த எஞ்சினும் மூடிய செயினும் அப்படியே 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100-இல் நம் ஊருக்கு வந்தன. 1994-இல் ஸ்ப்ளெண்டர் அவற்றை வாங்கிக்கொண்டது. 50 மில்லிமீட்டர் போர், 49.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 97.2 சி.சி. இன்றைக்கும் அதே அளவுதான். நடுவில் 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தார்கள், பெயர்ப்பலகை மாறியது, பெட்ரோல் டாங்க் ஸ்டிக்கர் எத்தனையோ தடவை மாறியது. எஞ்சின் மட்டும் எழுந்து உட்காராமல் படுத்தபடியே இருக்கிறது. நிமிர்ந்த 110 சி.சி. எஞ்சினையும் ஸ்ப்ளெண்டர் பெயரிலேயே கொண்டுவந்து பார்த்தார்கள். ஜனங்கள் பழையதைத்தான் கேட்டார்கள்.

கவருக்கு வருகிறேன். மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு தகடு, போல்ட் போட்டு இணைத்தது. அதில் ஒரு துவாரம், துவாரத்துக்கு ஒரு சின்ன ரப்பர் மூடி. செயின் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்க்க மொத்தக் கவரையும் கழற்ற வேண்டியதில்லை. மூடியைப் பிடுங்கி, ஸ்க்ரூ டிரைவரால் செயினைத் தூக்கிப் பார்த்தால் போதும். ஓர் அங்குலத்தை ஒட்டி ஆடினால் சரி. இத்தனை அக்கறையோடு அந்த ரப்பர் மூடிக்கு இடம் விட்டு வரைந்த பொறியாளரை நினைத்தால் எனக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். அதைவிட நுட்பம், கவர் பேசும் என்பது. செயின் தளர்ந்தால் உள்ளே தகட்டில் தட்டத் தொடங்கும். முதலில் ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் ஒரு தட்டு. அப்புறம் கியர் மாற்றும்போதெல்லாம் தட்டு. அலட்சியமாக விட்டால் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள், அத்தனை சத்தம். திறந்த செயின் இப்படிச் சொல்லாது, பேசாமல் பல்சக்கரத்தைத் தின்றுவிடும்.

ரசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்பவர்கள் நம் ஊர் உடையை யோசிக்க வேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். பின்னால் ஒருக்களித்து உட்காரும் பெண்கள் ஓரத்தைப் பார்த்து, இடப்பக்கமாகத்தான் காலைப் போடுவார்கள். செயினும் அந்தப் பக்கம், புடவைத் தலைப்பும் அந்தப் பக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது: பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும். சட்டப் புத்தகத்தில் புடவைக்காக எழுதிய விதி என்றே நான் இதைப் படிப்பேன். அந்த மறைப்பும் முழுச் செயின் கவரும் சேர்ந்தால்தான் இடப்பக்கம் முழுமை பெறுகிறது. வேட்டிக்கும் இதே கணக்குதான். என் சித்தப்பா திண்டுக்கல்லில் சி.டி. 100 வைத்திருந்தார். எட்டு முழ வேட்டி, ரப்பர் செருப்பு. அவருக்கு ஹீல்-டோ கியர் லிவர் ஒரு வரம். செருப்பு நுனியால் கியரைத் தூக்க வேண்டாம், பின்முனையைக் குதிகாலால் மிதித்தால் வேலை முடிந்தது. கல்யாண வீட்டுக்கு வண்டியில் போய் இறங்கினால் வேட்டிக் கரையில் ஒரு பொட்டுக் கறுப்பு இருக்காது. அதே வீட்டுக்கு வேறு வண்டியில் வந்த இன்னொரு உறவினர் தண்ணீர்க் குழாயடியில் நின்று வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டிருப்பார்.

திறந்த செயின்காரர்களின் வாதம் எனக்குத் தெரியாததல்ல. எடை குறையும், ஓ-ரிங் செயின் வந்த பிறகு கவர் எதற்கு, கழுவி ஸ்ப்ரே அடிப்பது சுலபம் என்பார்கள். சுலபம்தான். ஆனால் மழைக்காலத்தில் அதை எத்தனை தடவை செய்ய வேண்டியிருக்கிறது? மூடிய செயினில் சேறும் மணலும் எளிதில் ஏறாது, போட்ட எண்ணெய் வெயிலில் காயாது. தேரிக்காட்டுச் செம்மண்ணிலும் கரம்பைச் சேற்றிலும் ஓடும் வண்டிக்குப் பந்தயத் தடத்தின் நியாயத்தைச் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

ஆர்.எக்ஸ். 100-ஐப் பற்றிக் கோபம் ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட அதே சி.சி.யில் 11 குதிரைத் திறன், அந்தச் சத்தம், அந்தப் பிக்கப். வயதுப் பையன்களுக்கு அது வேண்டியதுதான். 1996-இல் நின்றுபோன வண்டியை இன்று புது வண்டியின் விலை கொடுத்து வாங்கி, குரோம் பூசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பதைப் பொருள் என்று சொல்லலாம், வண்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புல்லட் இன்னும் கம்பீரமானது. 1955-இலிருந்து சென்னையோடு ஒட்டிய பெயர், அம்மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்துக் கிக்கரை மிதித்த பரம்பரை. ஒப்புக்கொள்கிறேன். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடை வழியாக அலுவலகம் போக அத்தனை கம்பீரம் வேண்டியதில்லை.

என் குறை வேறு. மாடல் மாறுவது என்றால் முன்பு ஏதாவது ஒன்று கூடும். இப்போது மாடல் மாறும்போதெல்லாம் ஒன்று காணாமல் போகிறது. நீளமான தட்டை சீட்டை வெட்டிப் பின்பாதியை மாடிப்படி போல உயர்த்தினார்கள். பால் கேனோ நெல் மூட்டையோ அதில் உட்காராது, அம்மாவும் உட்கார மாட்டார். கேரியருக்குப் போல்ட் போட இடமில்லை. பல வண்டிகளில் கிக்கர் போய்விட்டது. பேட்டரி இறங்கினால் தள்ளு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது கார்புரேட்டரோடு ரிசர்வ் குழாயும் விடைபெற்றது. புகை குறைந்தது நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் ஓடும்போதே வண்டி இருமத் தொடங்க, இடது கையைக் கீழே விட்டுத் தடவி ரிசர்வுக்குத் திருப்பி, அது மறுபடி மூச்சு வாங்கிக் கிளம்பும் அந்தக் கணத்தை அறியாத தலைமுறையைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருக்கிறது. ஹோண்டா யூனிகார்னை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் வந்த அந்த அமைதியான 150-ஐ ஓரங்கட்டிவிட்டு 160-ஐ முன்னால் வைத்தார்கள். கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க, 2016-இல் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. பாகிஸ்தானில் சி.டி. 70 ஆண்டுக்கொரு ஸ்டிக்கர் மாற்றத்தோடு பல பத்தாண்டுகளாக ஓடுவதைக் கேலி செய்கிறார்கள். அங்கேயும் செயின் முழுக்க மூடித்தான் இருக்கிறது. கேலிக்குரியது அவர்களா நாமா என்று எனக்குச் சந்தேகம்.

கம்பெனிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. சர்வீஸுக்கு விட்ட வண்டி கவரில் இரண்டு போல்ட் குறைந்து, ரப்பர் மூடி இல்லாமல் வருகிறது. கேட்டால், “அது எதுக்கு சார், கழட்டிப் போட்டுட்டா வேலை மிச்சம்” என்கிறார் பட்டறைப் பையன். யாருக்கு மிச்சம்? பழைய மெக்கானிக்குகள் அந்த மூடியைச் சட்டைப் பையில் போட்டு வைத்துக்கொண்டுதான் செயினில் கை வைப்பார்கள்.

அன்றாடம் ஓட்ட ஒரு வண்டி தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. மைலேஜ் கணக்கை விற்பனையாளர் எப்படியும் சொல்லிவிடுவார். வீட்டில் புடவையோ வேட்டியோ கட்டுகிறவரைக் கூட்டிப்போய்ப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். அப்புறம் இடப்பக்கம் வந்து குனிந்து பாருங்கள். செயின் கண்ணுக்குத் தெரிந்தால், அடுத்த ஷோரூமுக்கு நடையைக் கட்டுங்கள்.