மிகுகற்பனைக் காவியமும் வாசகர் தோழமையும்

இலக்கியத்தின் சமூகப் பணியை ஆராய்வோர் ஆசிரியனது வர்க்கச் சார்பினையும் படைப்பிற் பொதிந்துள்ள கருத்துநிலையினையும் விரிவாக நோக்குவர். வாசகரையோ பெரும்பாலும் தனித்திருந்து படிக்கும் ஒருவராகவே கற்பிதஞ் செய்துகொள்வர். ஆயின், ஒரே நூலின் பொருட்டுச் சங்கம் அமைத்து, ஏடு நடத்தி, அந்நூலிலிருந்தே தமக்குப் பெயருஞ் சூட்டி, ஆண்டுக்கணக்காக உறவு பூண்டு வாழும் வாசகரும் உளர். ஒக்ஸ்போர்ட் பேராசிரியரான ஜே. ஆர். ஆர். டொல்கீன் (1892-1973) எழுதி, 1954-55இல் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ என்னும் மிகுகற்பனைக் காவியத்தின் வாசகர் இத்தகையோருள் முதன்மையானவர். அவர்களிடையே நிலவும் தோழமையை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

முற்போக்கு விமரிசகர் இவ்வினாவைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. 1956இல் எட்மண்ட் வில்சன் இந்நூலைச் சிறுபிள்ளைத்தனமானதென எள்ளி நகையாடினார். 1978இல் மைக்கேல் மூர்கொக், மத்தியதர வர்க்கத்தை ஆறுதற்படுத்தித் துயிற்றும் தாலாட்டாகவே இதனைக் கண்டார். நூலைப் பற்றிய அத்தீர்ப்பு நமக்கும் பெருமளவு உடன்பாடே. அரசன் மீள்வதே அங்கு விடிவாகின்றது. தீமை சில இனங்களின் பிறவிக் குணமாகக் காட்டப்படுகின்றது. வயலும் மதுச்சாலையும் நிறைந்த ஹொபிட்டுகளின் நாட்டிற் குத்தகையும் கூலியும் யாரால் யாருக்கு வழங்கப்படுகின்றன என்பது மங்கலாகவே விடப்பட்டுள்ளது. எனினும் நூலைப் பற்றிய தீர்ப்பு வாசகரைப் பற்றிய விளக்கமாகிவிடாது. ‘தப்பியோட்டம்’ என்ற ஒரு சொல்லைக் கூறி நிறுத்திக்கொள்வது, எதிலிருந்து தப்பி, யாரோடு சேர்ந்து ஓடுகின்றனர் என்ற கேள்விகளைக் கேளாது விடுவதாகும்.

கதையின் நடுவே நிற்பதே ஒரு தோழர் குழு என்பது மனங்கொளத்தக்கது. தீய மோதிரத்தை அழிக்கப் புறப்படும் ஒன்பதின்மரின் பிணைப்பே காவியத்தை நடத்திச் செல்கின்றது. இதன் வேர் ஆசிரியரது இளமையில் உள்ளது. பேர்மிங்ஹாமிற் பள்ளி மாணவனாக இருந்தபோது டொல்கீன் நண்பர் மூவரோடு ஒரு சிறு குழுவாக இணைந்திருந்தார். அவர்களுள் ரொபேர்ட் கில்சன் 1916 யூலை 1ஆம் திகதி, சொம் போரின் முதல் நாளிலேயே வீழ்ந்தார், ஜி. பி. ஸ்மித் அதே ஆண்டு டிசம்பரில் மாண்டார். கதாநாயகன் ஃபுரோடோவைப் பிரியாது தொடரும் தோட்டக்காரன் சாம், அப்போரில் டொல்கீன் கண்ட சாதாரணப் படைவீரரினதும் அதிகாரிகளின் ஏவலாளரினதும் சாயலிற் படைக்கப்பட்டவன் என்பதை ஹம்ஃப்ரி கார்ப்பென்டர் 1977இல் எழுதிய வாழ்க்கை வரலாறு பதிவு செய்கின்றது. ஏகாதிபத்தியப் போரின் அகழிகளிற் பிறந்த பிணைப்பு காவியத்தில் எசமான்-ஏவலாளன் அன்பாக உருமாறியுள்ளது. சாம் இறுதிவரை ஃபுரோடோவை எசமான் என்றே விளிக்கின்றான். வர்க்க உறவு பாசமாகத் தோற்றும் இவ்விடமே வாசகர் நெஞ்சை மிகவும் உருக்கும் இடமாகவும் இருப்பது தற்செயலன்று.

ஒப்பீடொன்று இங்கு பயன்தரும். பேராசிரியர் கைலாசபதி, மார்க்சியச் செந்நெறி இலக்கிய அறிஞரான ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில், அதே பேர்மிங்ஹாம் நகரின் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட ஆய்வு 1968இல் தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய நூலாக வெளிவந்தது. வீரயுகத்திற் பாடுவோனும் கேட்போனும் ஒரே சமூகத்தின் உறுப்பினர். பாணன் பரிசில் பெற்றான். பாடல் கேட்டோர் முன்னரே ஒரு குழுவாக இருந்தனர். டொல்கீனும் வீரயுகப் பாடலிலே தோய்ந்தவர்தாம். ‘பேயோவுல்ஃப்’ பற்றிய அவரது 1936ஆம் ஆண்டு உரை இன்றும் கற்கப்படுவது. ஆனால் அவரது வாசகர் சந்தையில் நூலொன்றை வாங்கிய அந்நியர். பாணனுக்குக் கேட்போர் கூட்டம் தயாராகக் காத்திருந்தது. டொல்கீனின் வாசகரோ தம் கூட்டத்தைத் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது.

அவர்களது முதற் பெரும் கூட்டுச் செயலே ஒரு பண்டத்தைப் பற்றியதாய் அமைந்தது. 1965இல், ஐக்கிய அமெரிக்காவில் பதிப்புரிமைச் சட்டத்திற் கண்ட இடைவெளியைப் பயன்படுத்தி ஏஸ் நிறுவனம் இந்நூலை ஆசிரியரின் அனுமதியின்றி 75 சதத்துக்கு மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. அனுமதி பெற்ற பலன்டைன் பதிப்பு அவ்வாண்டிலேயே 95 சதத்துக்கு வந்தது. தமக்குக் கடிதம் எழுதிய அமெரிக்க வாசகருக்கெல்லாம் டொல்கீன் நிலைமையை விளக்கினார். வாசகர் கூடுதலாக 20 சதம் கொடுத்து ஆசிரியர் பக்கம் நின்றனர். ஏஸ் நிறுவனம் 1966இல் உரிமைப்பணம் செலுத்த இணங்கிற்று. இதனை நாம் இகழவில்லை. ஆயினும் உழைப்பவன் பக்கம் நிற்றலும் உடைமையாளன் பக்கம் நிற்றலும் இங்கு ஒரே செயலாய்க் கலந்து கிடக்கின்றன. வேடிக்கை யாதெனில், ஏஸ் பதிப்பின் பின்னின்ற டொனல்ட் வொல்ஹைம், 1930களில் நியூயோர்க்கின் இடதுசாரி விஞ்ஞானப் புனைகதை வாசகர் குழுவொன்றின் முன்னணியாளர். 1939இல் நடந்த முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டினுள் நுழையவிடாது தடுக்கப்பட்டோருள் ஒருவர்.

பிரித்தானிய டொல்கீன் சங்கத்தை 1969இல் தொடங்கிய வேரா சப்மன் அப்போது எழுபது வயது கடந்தவர். அவரும் காவியத்திலிருந்தே தமக்கொரு பெயரை எடுத்துக்கொண்டார். இச்சங்கங்கள் கூலியில்லா உழைப்பால் இயங்கின. அகராதிகள், கால அட்டவணைகள், கற்பனை மொழிகளுக்கான இலக்கணங்கள், இதழ்கள் ஆகியவற்றை ஓய்வு நேரத்தில் உருவாக்கியோர் பலர். தொழிலகத்திலும் காரியாலயத்திலும் தம் உழைப்பிலிருந்து அந்நியப்பட்ட மனிதர், விளைவு தமக்கும் நண்பருக்குமே உரியதான உழைப்பை இங்கு கண்டனர். அத்தோழமையின் உண்மையான உள்ளடக்கம் இதுவே என்பது நமது கருத்து. நூல் அதற்கு வாய்ப்பளித்தது. அதன் தேவையைத் தோற்றுவித்ததோ வாசகர் வாழ்ந்த சமூகம்.

சமூகம் வேறானவிடத்துத் தோழமையின் பொருளும் வேறாகியது. சோவியத் நாட்டில் ‘ஹொபிட்’ 1976இலும் பெருங்காவியத்தின் முதற்பாகம் சுருக்கமாக 1982இலும் வெளிவந்தன. எஞ்சிய பாகங்கள் தட்டச்சுப் பிரதிகளாகக் கைமாறின. அப்பிரதியைக் கொடுப்பதே நம்பிக்கையின் அடையாளமாயிற்று. 1990இல் கிரஸ்னயார்ஸ்க் அருகே இளைஞர் மரவாள் ஏந்திக் காவியத்தை நடித்துக் காட்டும் விளையாட்டுகளைத் தொடங்கினர். பழைய கூட்டு வாழ்வின் வடிவங்கள் சரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அதே வாசகர் சூழலிலிருந்தே 1999இல் கிரில் எஸ்கோவ் என்னும் தொல்லுயிரியல் அறிஞர், தோற்ற நாட்டைக் கைத்தொழில் வளர்ச்சியை நோக்கிச் சென்ற நாகரிகமாகக் காட்டி, வென்றோர் எழுதிய வரலாற்றை மறுக்கும் நாவலொன்றைப் படைத்தார். இரசிகர் கூட்டம் விமரிசனத்துக்குப் புறம்பானதென எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இத்தாலிய அனுபவம் கசப்பானது. அங்கு 1970இல் முழு மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது, தொன்மத்தையும் மரபையும் போற்றிய எலெமீரே ஸொல்லாவின் முன்னுரை அதனோடு சேர்ந்தே வந்தது. இடதுசாரி விமரிசகர் பலர் நூலை வலதுசாரிச் சரக்கென்று ஒதுக்கினர். நவபாசிசக் கட்சியான இத்தாலிய சமூக இயக்கத்தின் இளைஞரோ 1977 யூனில் மொன்தேசார்க்கியோவில் ‘ஹொபிட் முகாம்’ நடத்தினர். கூடாரம், இசை, கூட்டுணவு, தாம் ஒதுக்கப்பட்ட சிறுபான்மையர் என்ற பெருமிதம் எல்லாம் அங்கிருந்தன. தோழமை வேண்டிய இளைஞருக்கு அதனை அளித்தவர் பாசிசத்தின் வாரிசுகளே. அக்கட்சியின் இளைஞர் அணியில் வளர்ந்த ஜோர்ஜியா மெலோனி 2022 ஒக்டோபரிற் பிரதமரானார். 2023 நவம்பரில் உரோமின் தேசிய நவீன கலைக்கூடத்தில் டொல்கீன் கண்காட்சியின் திறப்புக்கு அவரே வந்திருந்தார். இடதுசாரி எழுத்தாளர் கூட்டான வூ மிங்கைச் சேர்ந்த ஒருவர் டொல்கீனை வலதுசாரிகளிடமிருந்து மீட்கும் நூலை எழுதியது 2013இலேதான். முகாம் நடந்து முப்பத்தாறு ஆண்டுகள் சென்றிருந்தன. ஒரு நூலின் கருத்துநிலையைச் சரியாக இனங்கண்டபின் அதன் வாசகரையும் எதிரிக்கே விட்டுக்கொடுப்பது என்ன வகை விமரிசனம் என்று கேட்காதிருக்க முடியவில்லை.

தோழமை தொழிலாளருக்கு எதிராகவே திரும்பிய சந்தர்ப்பமும் உண்டு. 2010இல் நியூசிலாந்தில் ‘ஹொபிட்’ திரைப்படங்கள் தயாரிக்கப்படவிருந்தபோது, கூட்டு ஒப்பந்தம் கோரி நடிகர் சங்கங்கள் தம் உறுப்பினரை அப்படங்களில் நடிக்கவேண்டாமெனப் பணித்தன. படப்பிடிப்பு வேறு நாட்டுக்குப் போய்விடுமென்ற அச்சம் பரப்பப்பட்டது. பணிப்பு விலக்கிக்கொள்ளப்பட்ட பின்னரும், ஒக்டோபர் 25ஆம் திகதி, திரைப்படத்தைக் காப்பதற்கென்று நகரங்கள் பலவற்றில் மக்கள் திரண்டனர். இரசிகரும் திரைத்தொழிலாளருட் சிலரும் அவர்களிடையே இருந்தனர். அன்று அந்நாட்டின் தொழிலாளர் தினம். எட்டு மணிநேர வேலைநாளுக்கான போராட்டத்தை நினைவுகூரும் விடுமுறை. நான்கு நாட்களின் பின், திரைத்துறையில் வேலை செய்வோரை ஊழியரன்றி ஒப்பந்தக்காரராகக் கொள்ளும் சட்டத்தை அரசாங்கம் அவசர அவசரமாக நிறைவேற்றிற்று. வோர்ணர் நிறுவனத்துக்கு மேலதிகச் சலுகைகளும் வழங்கப்பட்டன. கூட்டாகப் பேரம்பேசும் உரிமை 2022இற் சட்டமாகும்வரை அத்தொழிலாளர் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.